மழை நாளில் காணாமற்போன ஹார்டு டிஸ்க்

இதழின் இளைஞர் பகுதிக்குக் கணிப்பொறி பற்றிப் பாடம் போல ஒன்று எழுதித் தரும்படி சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். நான் தொலைபேசித் துறையில் முப்பது ஆண்டுகள் கம்பியும் கருவியுமாகக் காலம் கழித்தவன். கணிப்பொறியைக் கல்லூரியில் படித்தவனல்லன். ஆனால் விட்டு விட்டு வரும் பழுது எப்படிப்பட்ட சோதனை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முற்றிலும் செத்துப்போன கருவியை ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம். நாம் போகும்போது ஒழுங்காக வேலை செய்து, திரும்பி வந்ததும் படுத்துக்கொள்ளும் கருவிதான் ஆளைப் பைத்தியமாக்கும். அத்தகைய பழுது ஒன்று எங்கள் வீட்டிலேயே வந்தது. அதையே பாடமாக எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஐப்பசி. திருவனந்தபுரத்தில் துலா மழை என்றால் மாலையில் இடியும் மின்னலும் சேர்ந்துதான் வரும். கரமனையில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தம்பி, மழை வந்தா கம்ப்யூட்டர்ல அம்மா பாட்டு இருக்கப்பட்ட அந்த டிஸ்க்கக் காணல்ல. மழை விட்டா வருகு. இது என்ன கூத்துன்னு வந்து பாரு."

அந்த டிஸ்கில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் கதையின் கனம் தெரியாது. எங்கள் அம்மா தோவாளைப் பக்கத்துக்காரி. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியுமாக அவளுக்குத் தெரியாத பாட்டில்லை. 1987இல் அத்தான் ஒரு டேப் ரிக்கார்டரை முன்னால் வைத்து, மாமியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி 41 பாட்டுகளைப் பதிவு செய்தார். பின்னர் 2009இல் அந்தக் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணிப்பொறியில் ஏற்றினார். இப்போது அம்மாவும் இல்லை, அத்தானும் இல்லை.

"கேசட் எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"பூசணம் பிடிச்சு நாடா எல்லாம் ஒட்டிப் போச்சு. கொண்டு களஞ்சாச்சு" என்றாள்.

ஆகவே உலகத்தில் அம்மாவின் குரல் இருந்த ஒரே இடம், மழை வந்தால் காணாமற்போகும் அந்தப் பெட்டிதான்.

மறுநாள் போனேன். கணிப்பொறியில் இரண்டு ஹார்டு டிஸ்குகள் இருந்தன. விண்டோஸ் இருப்பது ஒன்று; பின்னாளில் சேர்த்த 1 டெராபைட் கொள்ளளவுள்ளது மற்றொன்று. பாடநூல்களில் வன்தட்டு என்பார்கள். கடையில் ஹார்டு டிஸ்க் என்றால்தான் எடுத்துத் தருவார்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். முதல் முறை இயக்கியபோது பாட்டு இருந்த டிஸ்க் தெரியவில்லை. அணைத்துப் போட்டேன், தெரியவில்லை. மூன்றாம் முறை தெரிந்தது. எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "பார்த்தியா, வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே மறுபடி அணைக்கப் போனேன், எத்தனைக்கு எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுக்க.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு ரிப்பேர் பாக்க நாள் கிடக்கு. இப்பம் வந்திருக்குல்லா, பாட்ட எடுத்துத் தா."

முப்பது வருட அனுபவம் எனக்கு, புத்தி அவளுக்கு. இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. விட்டு விட்டுத் தெரியும் டிஸ்க் கண்ணுக்குத் தெரிகிற நேரம், சோதனை செய்யும் நேரமன்று. உள்ளதை நகல் எடுக்கும் நேரம். ஒவ்வொரு முறை அணைத்து இயக்கும்போதும், நின்றிருக்கும் தட்டுகள் மீண்டும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று வேகத்தை எட்ட வேண்டும். நோயாளியை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது போன்ற வேலை அது. நகல் எடுப்பதிலும் வரிசை உண்டு. முழு டிஸ்கையும் இழுத்து வேறிடத்தில் போடத் தொடங்காமல், மறுபடி கிடைக்காத கோப்புகளை முதலில் எடுக்க வேண்டும். குரல், புகைப்படம், கைப்பட எழுதியவை முதலில். சினிமாவும் மென்பொருளும் கடைசியில். அம்மாவின் 41 பாட்டும் என் வெளி டிஸ்குக்கு வர ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.

கடைக்காரர் ஒருவர் முன்பே வந்து பார்த்துவிட்டு, "டிஸ்க் போயி சாரே, புதியது வைக்காம்" என்று மலையாளத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புதியது போட்டால் அவர் வேலை முடிந்தது. ஆனால் டிஸ்க் தெரியாமற்போவதற்கு டிஸ்க் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு இரண்டு கேபிள்கள் வேண்டும். தகவல் போகும் மெல்லிய கேபிள் ஒன்று; மின்சாரம் வரும் அகலமான இணைப்பு ஒன்று. இன்றைய சாட்டா வகையில் முதலாவதற்கு 7 தொடுமுனைகள், இரண்டாவதற்கு 15. இவற்றுக்கு அப்பால் மதர்போர்டு, மின்வழங்கிப் பெட்டி, பயாஸ் அமைப்பு, கடைசியில் விண்டோஸ். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் நமக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: டிஸ்கைக் காணோம்.

எனவே முதற்கேள்வி, யாருக்குத் தெரியவில்லை என்பது. கணிப்பொறியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பெரும்பாலும் பயாஸ் திரை வரும். அங்கே டிஸ்கின் பெயர் இருந்து, விண்டோஸில் மட்டும் இல்லையென்றால் கம்பிகளை நோண்ட வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்னும் பகுதியைத் திறந்து பார்த்தால், டிஸ்க் ஆஃப்லைன் என்று கிடக்கலாம்; அல்லது அதற்குரிய எழுத்து விட்டுப்போயிருக்கலாம். இரண்டும் எளிதில் தீர்பவை. ஆனால் அங்கே ஒரு பொல்லாத கேள்வி வரும். இந்த டிஸ்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா என்றோ, ஃபார்மட் செய்யட்டுமா என்றோ விண்டோஸ் கேட்கும். உள்ளே வேண்டிய கோப்பு இருக்கும்வரை இரண்டுக்கும் இல்லை என்றே விடை. குழந்தைகள் அவசரத்தில் சரி என்று அழுத்திவிடுவார்கள், சொல்லி வையுங்கள்.

அக்காவின் கணிப்பொறியில் பயாஸ் திரையிலேயே டிஸ்க் இல்லை. ஆகவே விண்டோஸ் குற்றவாளியன்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரும் செய்வதையே செய்தேன். சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதிய தகவல் கேபிள் ஒன்று வாங்கி வந்து மாற்றினேன். டிஸ்க் தெரிந்தது. ஒரு வாரம் ஒரு குறையும் இல்லை. "கேபிள்தான் அக்கா" என்று வெற்றி முழக்கம் செய்து ஒரு காபியும் குடித்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் மாலை இடி இடித்தது. ஒன்பதாம் நாள் காலை அவளிடமிருந்து அழைப்பு: "மழை வந்துட்டு. டிஸ்க் போயிட்டு."

மழைக்கும் டிஸ்குக்கும் என்ன உறவு? ஈரக்காற்று என்று முதலில் நினைத்தேன். நம் ஊர்க் காற்றில் ஈரமும் கடல் உப்பும் உண்டு. உலோகத் தொடுமுனைகள் நிறம் மங்குவது இங்கே சாதாரணம். ஆனால் ஈரம் என்றால், மழை விட்ட அரை மணியில் எப்படிச் சரியாகும்? அக்காவின் அன்றாடத்தை விசாரித்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. மற்ற நாட்களில் பேரன் அந்தக் கணிப்பொறியை இரவும் பகலும் அணைப்பதே இல்லை. இடி இடித்தால் மட்டும் அக்கா அணைத்து, பிளக்கையே பிடுங்கி வைத்துவிடுவாள். (இது மிகச் சரியான பழக்கம். அக்டோபர் முதல் மே வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை இடிமின்னலில் கவனம் வேண்டும் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சொல்கிறது.) அதாவது, ஆறிக் குளிர்ந்த நிலையிலிருந்து அந்தக் கணிப்பொறி புறப்படுவது மழை நாட்களில் மட்டுமே. டிஸ்க் அஞ்சியது மழைக்கன்று, குளிர்ந்த புறப்பாட்டுக்கு.

என் கேபிள் வைத்தியம் ஒரு வாரம் பலித்ததன் இரகசியமும் இதுதான். அந்த வாரம் இடி இல்லை. கணிப்பொறியை யாரும் அணைக்கவில்லை. டிஸ்குக்குப் பரீட்சையே வைக்கப்படவில்லை. பரீட்சை வைக்காமல் தேறிவிட்டான் என்று நான் சான்றிதழ் கொடுத்துவிட்டேன். விட்டு விட்டு வரும் பழுதில் ஒன்றை மாற்றியவுடன் சரியானால் நம்பிவிடாதீர்கள். எந்த நிலையில் பழுது வந்ததோ அதே நிலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கிப் பார்த்த பிறகே நம்பலாம். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுவதும் முக்கியம். கேபிளையும் மின்வழங்கியையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

குளிர்ந்த புறப்பாடு என்றதும் என் கவனம் தகவல் கேபிளிலிருந்து மின்சாரத்துக்குத் திரும்பியது. மேசைக் கணிப்பொறியின் 3.5 அங்குல டிஸ்க், ஓடிக்கொண்டிருக்கும்போது 12 வோல்ட் கம்பியில் அரை ஆம்பியர் அளவே எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் முதற் சில விநாடிகளுக்கு ஏறத்தாழ 2 ஆம்பியர் கேட்கும். மாட்டு வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: நின்ற வண்டியை அசைப்பதுதான் மாட்டுக்குப் பாரம். அந்தச் சில விநாடிகளில் மின்னழுத்தம் தொய்ந்தால் தட்டுகள் வேகம் பிடிக்காது. பயாஸ் கூப்பிடும்போது டிஸ்க் பதில் சொல்லாது. ஆளில்லை என்று பயாஸ் அடுத்த வேலைக்குப் போய்விடும். இதை நிச்சயப்படுத்த எளிய சோதனை ஒன்றுண்டு. டிஸ்க் தெரியாதபோது மின்சாரத்தை அணைக்காமல் ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்துப் பாருங்கள். தட்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும்போது இரண்டாம் அழைப்பில் டிஸ்க் பதில் சொன்னால், புறப்படும் நேரத்து மின்சாரத்தின் மேல் ஐயம் கொள்ளலாம். டிஸ்கின் பக்கவாட்டில் விரல் வைத்தால் சுழலும் அதிர்வும் தெரியும். அக்காவின் டிஸ்கில் விரல் வைத்தேன். உறுமத் தொடங்கியது, தளர்ந்தது, மறுபடி உறுமியது.

மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வரும் கம்பியைப் பின்தொடர்ந்தேன். அந்தப் பழைய பெட்டியில் சாட்டா இணைப்புகள் இரண்டே. ஒன்று முதல் டிஸ்குக்கு, மற்றது டி.வி.டி. கருவிக்கு. இரண்டாம் டிஸ்கைச் சேர்த்தபோது யாரோ மோலக்ஸ் என்னும் நான்கு முனைப் பழைய இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சிறு துண்டு ஒன்றைச் செருகியிருந்தார்கள். நாற்பது ஐம்பது ரூபாய்ச் சாமான்.

பலகையின் மேல் மல்டிமீட்டரை வைத்தேன். மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் தரை. பொதுவாக எல்லாரும் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளப்பார்கள். 11.4இலிருந்து 12.6 வரை இருந்தால் விதிப்படி சரி. நான் அளந்தபோது மின்வழங்கியின் பக்கம் 12.1 இருந்தது, பெட்டியின்மேல் குற்றமில்லை. பிறகு தொலைபேசித் துறையில் கற்ற ஒரு வித்தையைச் செய்தேன். மீட்டரின் ஒரு முனையை இணைப்புக்கு முன்னாலுள்ள மஞ்சள் கம்பியிலும், மற்ற முனையை இணைப்பைத் தாண்டியுள்ள மஞ்சள் கம்பியிலும் பின்பக்கத் துளைகள் வழியே தொட்டேன். ஒரே கம்பியின் இரு பக்கம். நல்ல இணைப்பானால் மீட்டர் ஏறக்குறையச் சுழியைக் காட்ட வேண்டும். கணிப்பொறியை இயக்கச் சொன்னேன். மீட்டர் 1.2 வோல்ட் காட்டிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் அந்த ஓர் இணைப்பிலேயே விழுகிறதென்றால், அங்கே 0.6 ஓம் தடை இருக்கிறது, 2.4 வாட் சூடு ஒரு கடுகளவு இடத்தில் பிறக்கிறது. டிஸ்குக்குப் போய்ச் சேர்வது 10.9 வோல்ட். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, துண்டைக் கழற்றிப் பார்த்தபோது மஞ்சள் கம்பியின் உலோகக் குழல் வாய் விரிந்து கறுத்திருந்தது. சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. சூடாகும்போது உலோகம் விரிந்து சற்றே இறுகப் பிடிக்கும், ஆறினால் தளரும். மூன்றாம் முறையில் டிஸ்க் தெரிந்ததன் காரணம் இப்படித்தான் இருக்க வேண்டும். இன்னும் சில மாதம் போயிருந்தால் டிஸ்க் அல்ல, பெட்டியே கருகியிருக்கும். இந்தத் துண்டுகளில் கம்பிகளைப் பிளாஸ்டிக்கில் அப்படியே வார்த்து மூடிய வகை உண்டு. அதனுள்ளே கம்பிகள் நெருங்கித் தீப்பிடித்த செய்திகள் பல. கூடியமட்டும் எந்த வகையையும் தவிர்த்து, வேண்டிய எண்ணிக்கையில் சாட்டா இணைப்புள்ள மின்வழங்கியை வாங்குவதே நல்லது.

புதிய மின்வழங்கி போட்டேன். ஐந்து இரவுகள் பிளக்கைப் பிடுங்கி வைத்து, ஐந்து காலை குளிர்ந்த நிலையில் இயக்கினேன். ஐந்திலும் முதல் அழைப்பிலேயே டிஸ்க் வந்தது. பிறகு டிஸ்கின் ஸ்மார்ட் பதிவேட்டையும் பார்த்தேன். தன் உடல்நிலையை டிஸ்க் தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் தெரியும். அதில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள அளவு ஏறிக்கொண்டே போனால் தட்டின் பரப்பே கெடுகிறது என்று பொருள். டிஸ்கை மாற்ற வேண்டும். 199ஆம் எண் மட்டும் ஏறினால் பெரும்பாலும் தகவல் கேபிளின் கோளாறு. அக்காவின் டிஸ்கில் முதல் மூன்றும் சுழி. போயி என்று தீர்ப்புப் பெற்ற டிஸ்க் நிரபராதி.

எல்லா வீட்டிலும் இதே துண்டுதான் காரணம் என்று எண்ண வேண்டாம். பெரிய நிறுவனங்களின் பொருளிலும் இப்பழுது வந்ததுண்டு. 2009 ஜனவரியில் சீகேட் நிறுவனம், தன் பாரகுடா 7200.11 வரிசை டிஸ்குகள் சிலவற்றில் ஃபர்ம்வேர் பிழை இருப்பதை ஒப்புக்கொண்டது. முந்தின நாள் வரை ஓடிய டிஸ்க் மறுநாள் பயாஸுக்கே தெரியாமற்போகும். உள்ளே தகவல் பத்திரமாக இருக்கும், ஆனால் எட்டாது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம் தன் 6 வரிசைச் சிப்செட்டில் குறை கண்டதாக அறிவித்தது. அதில் நான்கு சாட்டா துறைகள் நாளடைவில் தளரக்கூடும். வேகமான மற்ற இரண்டுக்குக் கேடில்லை. அதைச் சரி செய்ய 70 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். ஆகவே டிஸ்கை மதர்போர்டின் வேறு துறையில் செருகிப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனையே. ஆனால் விளையாட்டாகக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கலாகாது. பெட்டிக்குள் உள்ள சாதாரண சாட்டா இணைப்பு ஏறத்தாழ 50 முறை செருகி எடுக்கவே வடிவமைக்கப்பட்டது.

இளைஞர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக எம்.2 வகைச் சேமிப்புத் துண்டு வாங்கிப் பொருத்துவார்கள். மறுநிமிடம் பழைய டிஸ்கைக் காணோம் என்பார்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 துளையை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா துறைகள் தாமே அணைந்துவிடும். மதர்போர்டுக் கையேட்டில் இது எழுதியிருக்கும். கையேட்டை யார் படிக்கிறார்கள்? மேலும், கணிப்பொறியின் தேதி அடிக்கடி பழைய ஆண்டுக்குத் திரும்பினால், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதனால் பயாஸ் அமைப்புகளும் மறந்துபோய் டிஸ்க் ஒளிந்துகொள்வதுண்டு. பரணில் கிடக்கும் பழைய ஐ.டி.இ. டிஸ்கை எடுத்துப் பார்ப்பவர்கள், ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஜம்பரை ஒன்றில் மாஸ்டர், மற்றதில் ஸ்லேவ் என்று வைக்க வேண்டும்.

ஒலியைப் பற்றி மட்டும் விளையாட வேண்டாம். டிஸ்க் டிக், டிக் என்று சீராகத் தட்டினால் உள்ளிருக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தடுமாறுகிறது. உடனே அணையுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்றும், மூடியைத் திறந்து பார்க்கலாம் என்றும், அதே மாதிரி வேறு டிஸ்கின் பச்சைப் பலகையைக் கழற்றிப் பொருத்தலாம் என்றும் சொல்பவர்கள் உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்கினுள்ளே நம் ஊர் ஈரம் நீர்த்துளியாகப் படியும். திறந்தாலோ, முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி நானோமீட்டர் கணக்கு. ஒரு தூசி அங்கே மலை. பச்சைப் பலகையிலும் அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவைகள் பதிந்திருக்கும், வேறொன்று பொருந்தாது. விலைமதிப்பற்ற கோப்பானால், தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுபோங்கள். கடையில் கொடுக்கும்போது வெறுமனே கேடாயி என்று சொல்லாமல், எப்போது தெரியவில்லை, ரீஸ்டார்ட் கொடுத்தால் வருகிறதா, என்ன ஒலி கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஃபார்மட் செய்யக் கூடாது என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அம்மாவின் பாட்டுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. அக்காவின் கணிப்பொறியில் ஒன்று, என்னிடம் ஒன்று, பெங்களூரிலுள்ள மருமகளிடம் ஒன்று. இடி இடித்தால் அக்கா இன்றும் பிளக்கைப் பிடுங்குகிறாள். அந்தக் கறுத்த இணைப்புத் துண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு மல்டிமீட்டரோடு கொண்டுவருகிறேன். பார்க்க விரும்பும் பிள்ளைகள் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னதாக வந்துவிடுங்கள்.